பத்தாயிரமாவது பார்வையாளர்

செராங்கூன் சாலையில் ஒரு வெங்காயக் கிடங்கின் மாடியில் அந்தக் காட்சிச்சாலை இருந்தது. முழுப்பெயர், 'சிங்கப்பூர் மலாயா இந்திய வம்சாவழியினர் வரலாறு கலை பண்பாட்டுக் காட்சிச்சாலை'. கட்டடத்தின் அகலம் பதினாறு அடி. பெயர்ப்பலகையின் நீளம் பத்தொன்பது அடி. மிச்சம் மூன்றடியைப் பக்கத்துத் துணிக்கடைச் சுவரில் நீட்டித்தான் மாட்ட முடிந்தது. இவ்வளவு பெரிய பெயரைச் சொல்ல யாருக்கும் நேரமில்லாததால் ஜனங்கள் அதைப் 'புலி வீடு' என்றார்கள்.

புலி ஒன்று உண்மையிலேயே இருந்தது. பஞ்சடைத்த புலி. ஒரு கண் எங்கோ விழுந்துபோய் அந்த இடத்தில் பச்சைக் கோலிக்குண்டு வைத்திருந்தார்கள். புலியைத் தவிர ஓர் ஏர்க்கலப்பை, ஒரு சங்கு, ஓலைச்சுவடி ஒரு கட்டு. அது என்ன சுவடி என்று படித்துச் சொல்ல ஆள் கிடைக்காததால் 'மிகத் தொன்மையானது' என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள். பிறகு ஒரு தகரப்பெட்டி. தலைவர் உடையப்பாவின் தகப்பனார் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்தது என்று சீட்டு சொன்னது. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் போன வருஷம்தான் அதை வாங்கினார்கள். மீதிச் சுவரெல்லாம் உடையப்பாவின் படங்கள்: கவர்னரோடு கைகுலுக்கும் உடையப்பா, கைகுலுக்கிவிட்டு நிற்கும் உடையப்பா, கைகுலுக்கக் காத்திருக்கும் உடையப்பா.

இவையனைத்துக்கும் காவல் சேதுபதி. பதவிப்பெயர் 'காப்பாட்சியர் (பொறுப்பு)'. கூட்டுவது, துடைப்பது, புலிக்குப் பூச்சி மருந்து அடிப்பது, கமிட்டி கூடும் நாளில் தேநீர் வாங்கி வருவது எல்லாம் அந்த 'பொறுப்பு' என்ற சொல்லுக்குள் அடங்கியிருந்தன. சாப்பாடு வெளியே, படுக்கை புலிக்குப் பின்னால் தடுப்புப் பலகை மறைவில். வயது நாற்பத்தேழு. இடது காலில் முழங்காலுக்குக் கீழே சதை பாதிதான் இருந்தது. சயாம் ரயில் பாதை போடப் போனவர்களுக்குக் காடு கொடுத்த புண் அது; ஆறிவிட்டது, ஆனால் காலைக் காலாக விடவில்லை. துறைமுகத்தில் கேட்டுப் பார்த்தான், நகரசபைத் துப்புரவுக்குக் கேட்டுப் பார்த்தான். அந்தக் காலைப் பார்த்துவிட்டு எல்லோரும் முகத்தைப் பார்க்காமலே 'அப்புறம் வா' என்றார்கள். உடையப்பா மட்டும்தான் வேலை கொடுத்தார். குறைந்த சம்பளத்துக்குக் கூடாத கால் ஒத்துப்போனது.

1956 ஜனவரியில் ஒரு கமிட்டிக் கூட்டம் நடந்தது. அன்றைய பிரச்சினை, யாரும் வருவதில்லை என்பது. நுழைவுக் கட்டணம் இருபது காசு வைத்திருந்தார்கள். அதே காசுக்கு நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் வெளிச்சமும் பாட்டும் கூட்டமும் உண்டு. போன மாதம் முழுவதும் வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

"லண்டன் அறநிதியில இருந்து கடிதம் வந்திருக்கு" என்றார் கௌரவச் செயலாளர் சிவசுப்பிரமணியம். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துத் தமிழும் இங்கிலீஷ் கையெழுத்தும் அவருடைய இரண்டு சொத்துகள். "மாதம் ஐந்நூறு ஆக்கள் வரவேணுமாம். வந்தவையின்ர பேர், தகப்பன் பேர், ஊர், கையெழுத்து எல்லாம் புத்தகத்தில இருக்கவேணும். அப்பத்தான் உதவிப்பணம்."

ஜே.பி. பட்டக்காரர் உடையப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வெங்காயம், மிளகாய் மொத்த வியாபாரம். அந்தக் கட்டடமே அவருடையதுதான். கையை உயர்த்தி, "கலைக்கு விலை வைக்கலாமா? வேண்டாம். இன்னைலேர்ந்து அனுமதி இலவசம். வாசல்ல பெருசா போர்டு வைங்க. ஏழை எளியவன் எல்லாம் ஓடி வருவான்" என்றார்.

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த சேதுபதி அப்படியே நின்றுவிட்டான்.

"ஐயா, காசு வாங்குங்க. அஞ்சு காசுன்னாலும் வாங்குங்க. இலவசம்னு மட்டும் போடாதீங்க."

"ஏன் காணும்?" என்றார் செயலாளர்.

"சனங்க பயப்படுவாங்க சார். ஜப்பான்காரன் காலத்துல இப்படித்தான் போர்டு வச்சான், படம் இலவசம்னு. உள்ள போனதும் பேரு, அப்பா பேரு, ஊரு எல்லாம் எழுதிக்கிட்டான். கதவைச் சாத்தினான். பின்வாசல்ல லாரி. நேரா சயாம்லதான் எறக்கிவிட்டான். நான் அப்படிப் போனவன் சார். இலவசமும் பேரெழுதுற புஸ்தகமும் ஒண்ணா இருந்தா நம்ம ஆளு ஒருத்தன் மாடியேற மாட்டான்."

கமிட்டி சிரித்தது. உடையப்பா கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். 1942-இல் கடைசிக் கப்பலில் மதராஸ் போய்ச் சேர்ந்து, சண்டை முடிந்ததும் முதல் கப்பலில் திரும்பியவர் அவர். நடுவில் நடந்தது பற்றி, 'ரொம்பக் கஷ்டப்பட்டோம்' என்ற பொதுவான அபிப்பிராயம் அவருக்கு உண்டு.

"ஜப்பான்காரன் போய்ப் பத்து வருஷம் ஆச்சுய்யா. இது கல்வி, பண்பாடு. புலியைப் பார்க்க வந்தவனை யாராவது லாரியில ஏத்துவானா? போ, சீனி கம்மியா இன்னொரு டீ வாங்கிட்டு வா."

போர்டு வந்தது. 'அனுமதி இலவசம். வருகைப் பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இடவும்.' சிவப்பு எழுத்து. அதன் பலன் உடனே தெரிந்தது. முன்பெல்லாம் படியருகே நின்று யோசிக்கவாவது யோசித்தவர்கள், இப்போது சாலையின் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். ஒருநாள் வயதான ஒருவர் வாசலில் நின்று போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன வேடிக்கை? பேரு எழுதுறாங்களாம், வாங்க சீக்கிரம்."

"புலி இருக்காம் புள்ள."

"இருக்கட்டும். உங்கண்ணன் பாத்த படம் போதாதா?"

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் பதிவேட்டில் பதினொரு பெயர் இருந்தது. ஆறு பேர் கமிட்டிக்காரர்கள். செயலாளர் பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வரியையும் தொட்டு எண்ணினார்.

"ஐந்நூறு இல்லையெண்டால் இந்தக் கதவைச் சாத்தவேண்டியதுதான் சேதுபதி. கீழ இருக்கிற வெங்காயம் மேல வரும். நீரும் வேற இடம் பார்க்கவேணும்."

அவர் போனபின் சேதுபதி பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்தான். வேறு இடம் எது? இந்தப் பட்டணத்தில் பாதிக் காலுக்கு இடம் கொடுத்தது புலியின் முதுகுப்புறம் ஒன்றுதான்.

சயாம் காட்டில் அவன் இருந்த கொட்டகையில் இருநூற்று நாற்பது பேர். வேலை முடிந்து வந்து படுத்ததும் ஒவ்வொருவனும் பக்கத்தில் படுத்திருப்பவனிடம் தன் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் ஒப்பிப்பான். 'நான் போயிட்டா எங்க வீட்டுல சொல்லிடு' என்பான். காலராவும் புண்ணும் வந்தபின் படுக்கை மாறிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஆளும் மாறிக்கொண்டே இருந்தான். சேதுபதி எல்லோருக்கும் பக்கத்தில் படுத்தான். எல்லோரிடமும் சரி என்றான். எல்லாப் பெயரும் மனப்பாடம் ஆயிற்று. திரும்பி வந்தவர்கள் சிலர்தான். அவன் யாருடைய வீட்டுக்கும் சொல்லவில்லை. முதலில் உடம்பு முடியவில்லை. பிறகு இத்தனை நாள் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. அதன் பிறகு பழகிவிட்டது.

பேனாவை மையில் தோய்த்து அந்தப் பெயர்களில் ஒன்றை எழுதினான். அப்பா பெயர், ஊர். கைநாட்டுக்குத் தன் வலது கட்டைவிரலை வைத்தான். அடுத்த பெயருக்கு இடது கட்டைவிரல். இரண்டு நாளில் பத்து விரலும் தீர்ந்து கால் விரல்களுக்கு வந்தான். இரண்டாம் நாள் அந்தியில் ஐந்நூற்று மூன்று பேர் காட்சிச்சாலையைக் கண்டு களித்திருந்தார்கள்.

"பாத்தியாய்யா?" என்றார் உடையப்பா. "இலவசம்னதும் எப்படி வந்தான் பாத்தியா? உனக்கு நம்ம ஜனங்களைப் பத்தி என்ன தெரியும்?"

செத்தவர்கள் ஒழுங்கானவர்கள். மழையோ வெயிலோ, மாதம் ஐந்நூறு பேர் தவறாமல் வந்தார்கள். எச்சில் துப்பவில்லை, புலியின் வாலைப் பிடித்து இழுக்கவில்லை. கொட்டகையின் பட்டியல் முடிந்ததும் சேதுபதி மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். இதைக் கவனித்தது செயலாளர்தான். 'ஒருமுறை வந்தவர் மீண்டும் மீண்டும் வருகிறார். காட்சிச்சாலையின் தரத்துக்கு வேறு சான்று தேவையில்லை' என்று ஆண்டறிக்கையில் இங்கிலீஷில் எழுதினார். முப்பது வருஷம் கூட்டலைச் சரிபார்த்தவர். கூட்டப்படுவது என்ன என்று பார்ப்பது அவர் துறையின் வேலையாக இருந்ததில்லை.

அறநிதியின் பணம் எங்கே போகிறது என்று சேதுபதிக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று. புலிக்குக் கண் வரவில்லை, மின்விசிறியும் வரவில்லை. அத்தனையும் கட்டட வாடகை. கட்டடம் உடையப்பாவுடையது. கீழே வெங்காயம் சதுர அடிக்குச் சம்பாதித்ததைவிட மேலே புலி அதிகம் சம்பாதித்தது, அழுகுவதும் இல்லை. இது புரிந்த அன்று அவனுக்குக் கோபம் வரவில்லை. நீல மை படிந்த கட்டைவிரலைப் பார்த்தான். அவ்வளவுதான்.

கீழே வாசலோரம் தேநீர்க் கடை வைத்திருந்த ரவூப் ஒருவர்தான் ஒருநாள் கேட்டார்.

"ஏன்டா சேது, மாசம் ஐந்நூறு பேரு மாடியேறுறான்னு பேப்பர்ல போட்டிருக்கான். படிக்குக் கீழ நான்தான் உக்காந்திருக்கேன். ஒருத்தன்கூட என் கண்ணுல படலியே லா? ஒரு டீகூடவா குடிக்க மாட்டான்?"

"அவங்களுக்குத் தாகம் எடுக்காதுண்ணே."

ரவூப் அவன் விரலைப் பார்த்தார். அப்புறம் கேட்கவில்லை.

1957 செப்டம்பரில் பதிவேடு பத்தாயிரத்தைத் தொட்டது. சேதுபதி அதைக் கவனிக்கவில்லை, உடையப்பா கவனித்தார். கீழே கிடங்குக்கு வரும்போதெல்லாம் மாடியேறி எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. யாரையும் கேட்காமல் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குப் போனார். புதன்கிழமை செய்தி வந்தது: 'பத்தாயிரமாவது பார்வையாளர் திரு. தங்கராஜு, தகப்பனார் முத்துக்கருப்பன், ஊர் மேலக்கரம்பட்டி. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நடைபெறும் விழாவில் அறநிதியின் பிரதிநிதி அவருக்குச் சுவர்க்கடிகாரம் வழங்கிக் கௌரவிப்பார். வானொலியிலும் அறிவிக்கப்படும்.'

சேதுபதி அந்தப் பெயரை மறுபடி படித்தான். தங்கராஜுவை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஜொகூரில் ஒரு தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி. மண்ணெண்ணெய் வாங்க டவுனுக்கு வந்தவன், இலவசப் படத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சேதுபதிக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவன். காலராக் கொட்டகையில் கிடந்தபோது, 'படம் பாக்கப் போனேன்னு அவகிட்ட சொல்லிடாத. ரோட்டுல பிடிச்சாங்கன்னு சொல்லு' என்று சிரிக்கப் பார்த்தான். மறுநாள் அவனை மூங்கில் அடுக்கி எரித்தவர்களில் சேதுபதியும் ஒருவன்.

"ஐயா, அந்தத் தங்கராஜு வரமாட்டாருங்க" என்றான் உடையப்பாவிடம்.

"ஏன்?"

"வெளியூர் போயிட்டாரு."

"எப்ப வருவாரு?"

"சொல்ல முடியாதுங்க."

உடையப்பா அவனை ஒரு கணம் பார்த்தார். வியாபாரி, சரக்கில் ஓட்டை இருந்தால் கைபடாமலே தெரிந்துவிடும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதும் வியாபாரம்தான்.

"நாட்டுல தங்கராஜுவுக்கா பஞ்சம்? ஒரு ஆளைப் பிடிச்சு வேட்டி கட்டி நிறுத்து. லண்டன் துரைக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான். அடுத்த வருஷத்துக்கு இரண்டு மடங்கு கேட்டிருக்கேன், கெடுத்துடாத. கெட்டுச்சுன்னா உன் படுக்கையைச் சுருட்டிக்க."

ஞாயிற்றுக்கிழமை, தங்கராஜுவாக நிற்க ஒப்புக்கொண்ட ரவூப் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உடையப்பா அவர் நெற்றியில் விபூதி பூச வந்தபோது மட்டும் ஒதுங்கினார்.

"அது மட்டும் வேணாம் தவுக்கே. மத்ததெல்லாம் சரி." முதலாளியிடம் இப்படிச் சொல்லிவிட்டுச் சேதுபதியின் பக்கம் குனிந்து, "எனக்கு அத்தா பேரு என்ன சொன்ன?" என்றார்.

"முத்துக்கருப்பன்."

"எங்க அத்தா கேட்டா வருத்தப்படுவாரு லா."

நாற்காலிகள் நிறைந்திருந்தன. காட்சிச்சாலை திறந்ததிலிருந்து உயிருள்ள கூட்டம் அங்கே கூடியது அன்றுதான். வடை உண்டு என்று அறிவித்திருந்தார்கள். பதிவேட்டு மேசையில் சேதுபதி உட்கார்ந்திருந்தான். படியேறி வந்து ஒரு பெண் அவன் முன்னால் நின்றாள். நாற்பது வயதுக்கு அறுபதின் முகம். மடிப்புக் கலையாத கிளிப்பச்சைச் சேலை, தலையில் பூ, நெற்றியில் காசளவு குங்குமம். மூச்சு வாங்கியது.

"ஐயா, தங்கராஜுன்னு ஒருத்தரு இன்னைக்கு வருவாராமே, ரேடியோவுல சொன்னாங்க. செம்பவாங்லேர்ந்து மொத பஸ் பிடிச்சு வந்தேன். வந்துட்டாரா?"

"நீங்க யாரும்மா?"

"அன்னம்மா. அவரு வீட்டுக்காரி." சொல்லிவிட்டுப் புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். "மொதல்ல தோட்டத்துல இருந்தோம். இப்ப எந்தம்பி டாக்யார்டுல இருக்கான், அவன் வீட்டோட இருக்கேன். அவருக்கு அது தெரியாது, அதான் தோட்டத்துல போய்த் தேடியிருப்பாரு."

சேதுபதி வாயைத் திறந்தான். அதற்குள் செயலாளர் வந்து, "துரை வந்திட்டார், மாலையை எடும்" என்று அவனை இழுத்துக்கொண்டு போனார்.

விழா தொடங்கியது. உடையப்பா பண்பாட்டின் தொன்மையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அதில் தன் தகப்பனாரின் பெட்டிக்குப் பதினைந்து நிமிடம். பிறகு, "பத்தாயிரமாவது பார்வையாளர் திரு. தங்கராஜு அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார். ரவூப் எழுந்தார். துரை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அன்னம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். வந்த வேகத்திலேயே நின்றாள்.

"இவரு இல்ல" என்றாள்.

கூட்டம் திரும்பியது.

"எங்க வீட்டுக்காரரு மேல் உதட்டுல தழும்பு இருக்கும். பேரு அதுதான், மாமனாரு பேரு அதுதான், ஊரு அதுதான். ஆளு இவரு இல்ல. யாருங்க நீங்க?"

ரவூப் கழுத்து மாலையைக் கழற்றினார். "தங்கச்சி, சத்தியமா நான் இல்ல. நான் கீழ டீ ஆத்துறவன். என்னைத் திட்டாத."

துரை செயலாளரின் பக்கம் சாய்ந்து என்னவென்று கேட்டார். அம்மாவுக்குப் பண்பாட்டைக் கண்ட ஆனந்தத்தில் பேச்சு தடுமாறுகிறது என்று செயலாளர் நல்ல இங்கிலீஷில் விளக்கினார். துரை கைதட்டினார். துரை தட்டியதால் முன்வரிசை தட்டியது. வடை வந்துவிட்டதாக்கும் என்று பின்வரிசையும் தட்டியது.

அன்னம்மாவைத் தடுப்புப் பலகைக்குப் பின்னால், சேதுபதியின் படுக்கை இருந்த இடத்துக்குக் கூட்டி வந்தார்கள். உடையப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மிகவும் கனிவாகப் பேசினார்.

"அம்மா, இன்னைக்கு அவரால வர முடியல. அதுக்காக நீங்க மனசு விடக்கூடாது. அடிக்கடி வர்றவருதான். சிவசுப்பிரமணியம், புஸ்தகத்தைப் பாருங்க."

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். எண்ணும் வேலை என்றால் அவருக்கு எந்த இடமும் ஆபீஸ்தான். பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணி முடித்தார்.

"ஓம். நாப்பத்தொரு தரம் வந்திருக்கிறார்."

"பாத்தீங்களா?" என்றார் உடையப்பா. "உயிரோட, சௌக்கியமா இருக்காரு. அதுக்கு சந்தோஷப்படுங்க." வெளியே துரை தனியாக இருந்ததால் அவர் போய்விட்டார்.

அன்னம்மா கீழே உட்கார்ந்தாள். குங்குமம் வியர்வையில் மூக்கு வரை இறங்கியிருந்தது.

"நாப்பத்தோரு தடவ" என்றாள். "இந்தப் பொணமாட்டம் நிக்கிற புலியைப் பாக்க நாப்பத்தோரு தடவ வந்திருக்காரு. என்னைப் பாக்க ஒரு தடவ வரல." பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள், "தோட்டத்துல சொன்னாங்க. அவன் எங்கேயோ ஒருத்தியோட குடும்பம் நடத்துறான், நீ தாலியைக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன்னு. எந்தம்பி பொண்டாட்டி தெனம் சொல்லுவா. பதினாலு வருஷம் நான் நம்பல. அவங்க வாயில வந்ததெல்லாம் நெசம்னு ஆயிடுச்சு."

சேதுபதி தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேசாமல் இருந்தால் போதும். அவள் செம்பவாங்குக்கு பஸ் ஏறிவிடுவாள். புலி இருக்கும், படுக்கை இருக்கும், அடுத்த மாதம் ஐந்நூறு பேர் வருவார்கள். தங்கராஜு ஓடிப்போனவனாக இருப்பான். செத்தவனுக்கு அதனால் என்ன நஷ்டம்?

"அம்மா" என்றான். "அவரு வரல."

"சேதுபதி, நீர் பேசாமல் இரும்" என்றார் செயலாளர்.

"அவரு ஒரு தடவகூட வரலம்மா. நான்தான் எழுதினேன். அவரு சயாம்லயே போயிட்டாரு. நான் கூட இருந்தேன். நாங்க நாலு பேரு சேந்துதான் எரிச்சோம். வேற குடும்பமெல்லாம் இல்ல. உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

வெளியே நாதஸ்வர இசைத்தட்டு சுற்ற ஆரம்பித்தது. அன்னம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

"எப்படிப் பிடிச்சாங்க?"

சேதுபதி ஒரு நொடி தயங்கினான். "மண்ணெண்ணெய் வாங்கிட்டு வந்துக்கிட்டிருந்தாரு. ரோட்டுல பிடிச்சுட்டாங்க."

அவள் தலையசைத்தாள். "அன்னைக்கு வெளக்கேத்த எண்ணெ இல்லன்னு அவரைத் திட்டித்தான் அனுப்பிச்சேன்." சேலைத் தலைப்பால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள்; துடைத்தபின் அந்தத் தலைப்பைப் பார்த்தாள். "அந்தப் பேரை அடிச்சிருங்க. நாப்பத்தோரு எடத்துலயும் அடிச்சிருங்க. எங்கேயோ காட்டுல எரிஞ்சு போய்ச் சேந்த மனுஷனை எதுக்கு மாடியேத்திக்கிட்டே இருக்கீங்க?"

சேதுபதி பதிவேட்டை இழுத்தான். செயலாளர் கையை அதன் மேல் வைத்தார். முப்பது வருஷத்துப் பழக்கம்தான் அவரைப் பேச வைத்தது.

"பதிவை அடிக்கிறதெண்டால் காரணம் எழுதவேணும். திகதியும் வேணும். சும்மா அடிக்கேலாது."

"காரணம் எழுதுறேன் சார்." 'இறந்துவிட்டார்' என்று எழுதினான். பிறகு பேனா நின்றது.

"எந்த நாளு?" என்றாள் அன்னம்மா. "திதி குடுக்கணும். எந்த நாளு போனாரு?"

"மழைக்காலம்மா. நாளெல்லாம் அங்க யாருக்கும் தெரியாது."

"பத்தாயிரம் பேருக்கு நாளு போட்டீங்க. எனக்கு ஒரு நாளு போட முடியலியா?"

அவனால் முடியவில்லை. கால் விரலிலும் மை தோய்த்து விதவிதமாகத் தேதி எழுதியவன். இந்த ஒரு கட்டத்தில் எதை எழுதினாலும் வருஷா வருஷம் ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டு எள்ளும் தண்ணீரும் விடுவாள் என்று நினைத்ததும் கை எழவில்லை.

"இன்னைக்கு என்ன தேதி?" என்றாள் அவளே.

"செப்டம்பர் பதினஞ்சு."

"அதையே போடுங்க. காலையில பஸ்ஸு ஏறுறப்பகூட எனக்கு உயிரோடதான் இருந்தாரு."

எழுதினான். நாற்பத்தோரு பக்கங்களைத் தேடித் தேடி அடித்தான். முடிந்ததும் செயலாளர் மெல்லக் கணக்கிட்டார்.

"ஒன்பதாயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பது. சரி, நாப்பத்தொரு ஆக்கள்தானே குறையுது. துரைக்குப் பிழை ஒண்டு திருத்தினதெண்டு சொல்லலாம்." அவர் முகத்தில் கொஞ்சம் இரத்தம் திரும்பியது.

சேதுபதி பதிவேட்டை மூடவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பி, அங்கே இருந்த அடுத்த பெயரின் மேல் பேனாவை வைத்தான்.

"அது ஏன் காணும் அடிக்கிறீர்?"

"இவருக்கும் வீடு இருக்குங்க. ரேடியோவுல இவரு பேரும் என்னைக்காவது வரும்."

செயலாளர் வரிவரியாகக் கீழே பார்த்தார். ஒவ்வொரு வரியிலும் ஒரே பேனா, ஒரே கை, வெவ்வேறு விரல். முதல் தடவையாகக் கூட்டலை விட்டுவிட்டுப் பெயர்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சாவியை வைச்சிட்டுப் போம்" என்றார். "இண்டைக்கே."

சேதுபதி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துப் படுக்கையின் மேல் வைத்தான். பேனாவை மறுபடி மையில் தோய்த்தான். தடுப்புக்கு அப்பால் உடையப்பா நன்றியுரைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாரு அது?" என்று கேட்டாள் அன்னம்மா. அவளுக்கு எழுத்து தெரியாது.

"வீரமலை. அப்பா பேரு பெரியசாமி. ஊரு குளத்துவயல். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

அவள் பூவைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவன் அடிப்பதைப் பார்த்தாள்.

"அடுத்தது?"